ஊலாங் தேநீரும் என் அக்காவின் இரும்பு மாத்திரையும்

இந்த அவைக்குத் தலைமை தாங்கி, பேச வந்தவன் எவனும் நேரத்தைத் தாண்டிவிடக் கூடாது என்று கைக்கடிகாரத்தைக் கண் இமைக்காமல் காவல் காத்துக்கொண்டிருக்கும் சங்கத் தலைவர் அவர்களே! எனக்கு முன்னால் பேசி, நான் சொல்ல வைத்திருந்ததில் பாதியைச் சொல்லிவிட்டுச் சிரித்த முகத்தோடு அமர்ந்திருக்கும் செயலாளர் அவர்களே! முன்வரிசையில் முதுகு சாயாமல் வீற்றிருக்கும் மூத்தோர்களே! வீட்டு வேலையையும் வெளி வேலையையும் முடித்துவிட்டு, மூன்றாவது வேலையாக என் பேச்சையும் கேட்க வந்திருக்கும் தாய்மார்களே! அவர்கள் அழைத்து வந்த காரணத்தால் அருகில் அமர்ந்திருக்கும் கணவன்மார்களே! கூட்டம் முடிந்ததும் தேநீர் உண்டா என்று கதவோரம் கேட்டுத் தெரிந்துகொண்டு உள்ளே வந்த நண்பர்களே! அனைவரையும் வணங்கி என் உரையைத் தொடங்குகிறேன்.

உண்டு நண்பர்களே, உண்டு! தேநீர் வணிகர் சங்கத்தின் ஆண்டு விழாவில் தேநீர் இல்லாமலா? கீழ்த்தளத்தில் பெரிய கெண்டியை அடுப்பில் ஏற்றிவிட்டார்கள். எவ்வளவு சீக்கிரம் நான் முடிக்கிறேனோ அவ்வளவு சீக்கிரம் அது மேலே வரும். ஆகவே நீங்கள் கைதட்டி என் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

எனக்குத் தரப்பட்ட தலைப்பு, 'ஊலாங் தேநீர் அருந்துவதால் உண்டாகும் உடல்நல நன்மைகள்'. தலைப்போடு செயலாளர் ஒரு துண்டுப் பிரசுரமும் தந்தார். "இதுல இருக்கிறதைக் கொஞ்சம் ஏத்தி இறக்கிச் சொன்னாப் போதும்" என்றார். வாங்கினேன், வாசித்தேன், வியந்தேன். கொழுப்பைக் கரைக்குமாம் ஊலாங். குருதியைக் கழுவுமாம் ஊலாங். சர்க்கரையைச் சாய்க்குமாம், எலும்பை இறுக்குமாம், தோலைத் துலக்குமாம், உதிர்ந்த முடியை மறுபடி முளைக்க வைக்குமாம். கடைசி வரியைப் படித்ததும் நான் நிமிர்ந்து செயலாளரின் தலையைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவரும் பார்த்தார். அவர் விடிந்ததிலிருந்து பொழுது அடையும் வரை ஊலாங் குடிப்பவர். அந்தப் பேச்சை இருவருமாக அத்தோடு விட்டுவிட்டோம்.

சிரியுங்கள், தவறில்லை. அவரே சிரிக்கிறார், பாருங்கள். பெரிய மனசு.

நான் ஊலாங்கின் எதிரி அல்லன். அதன் விற்பனையாளனும் அல்லன். மேடை கிடைத்தால் பேசுகிறவன். கடைத் திறப்பு என்றாலும் பேசுவேன், கண் மருத்துவ முகாம் என்றாலும் பேசுவேன். அழுது அழவைக்கும் ஆள் வேண்டுமென்றால் சங்கம் வேறு ஒருவரைப் பிடித்திருக்கலாம். என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று. கண்டதைக் கண்டபடி சொல்வேன்.

முதலில் ஒரு கேள்வி. பச்சைத் தேநீர், கறுப்புத் தேநீர், ஊலாங் தேநீர், இவை மூன்றும் மூன்று வெவ்வேறு செடிகளிலிருந்து வருகின்றன என்று நினைப்பவர்கள் கொஞ்சம் கை தூக்குங்கள் பார்ப்போம். அட! பாதி மன்றம் தூக்கிவிட்டதே! தலைவரே, உங்கள் வீட்டம்மாவும் தூக்கியிருக்கிறார்கள். இதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை.

ஒரே செடி ஐயா, ஒரே செடி! ஒரே இலை! செய்கிற விதம்தான் வேறு. பறித்த இலையை வாட விடுகிறார்கள். வாடிய இலையைத் தட்டிலே இட்டுக் குலுக்குகிறார்கள். குலுக்கக் குலுக்க ஓரம் கன்றுகிறது. கன்றிய ஓரம் காற்றுப் பட்டுச் சிவக்கிறது. அந்தச் சிவப்பை இலை முழுக்கப் படரவிட்டால் அது கறுப்புத் தேநீர். தொடக்கத்திலேயே சூடு காட்டித் தடுத்துவிட்டால் அது பச்சைத் தேநீர். ஓரம் சிவந்து, நடு இன்னும் பசுமையாக இருக்கும் வேளை பார்த்து நிறுத்தினால், அதுதான் ஊலாங். முழுக்கப் பழுக்கவும் இல்லை, முழுக்கக் காயாகவும் இல்லை. அந்த நடுநிலையில்தான் அதன் மணம் இருக்கிறது, மதிப்பு இருக்கிறது, உங்கள் சங்கத்தின் மாடிக் கட்டடமும் இருக்கிறது.

அப்படியானால் நன்மை இல்லையா? இருக்கிறது. இல்லை என்று யார் சொன்னது? சோர்ந்த கண்ணைத் திறக்கிறது. சிதறிய கவனத்தைச் சேர்க்கிறது. காஃபின் அதில் உண்டு, ஆனால் வழக்கமாகக் காபி அளவுக்கு இல்லை. சர்க்கரை கொட்டிய குளிர்பானத்தைக் கீழே வைத்துவிட்டு, சர்க்கரை போடாத ஊலாங்கைக் கையில் எடுத்தால், கீழே வைத்ததற்காகவே உடம்பு உங்களுக்கு நன்றி சொல்லும். இலையில் இருக்கும் சில பொருள்கள் இதயத்துக்கும் எடைக்கும் ஓரளவு உதவலாம் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. கவனியுங்கள், 'உதவலாம்'. உதவும் என்று சொல்லவில்லை. பிரசுரம் அடிக்கிறவர்கள் முதல் வேலையாக வெட்டி எறிவது அந்த 'லாம்'தான்.

என்னம்மா கேட்கிறீர்கள்? எடை குறையுமா? குறையும் தாயே. தேநீரோடு கூட வைத்துச் சாப்பிடுகிறோமே பிஸ்கட், அதைக் குறைத்தால் கட்டாயம் குறையும்.

ஆக, தலைப்புக்கு நியாயம் செய்துவிட்டேன். இனி நான் சொல்லப்போவது என் சொந்த அக்கா வீட்டு விஷயம். அவளிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் வந்திருக்கிறேன். "தாராளமாச் சொல்லுடா. என் வயசை மட்டும் சொல்லித் தொலைக்காத" என்றாள். சொல்ல மாட்டேன்.

என் அக்கா ஓர் ஆடைத் தொழிற்கூடத்தில் வெட்டு மேசைக்குப் பொறுப்பு. துணியை அடுக்கடுக்காக விரித்து, மேலே அளவுத் தாளைப் போட்டு, மின்சாரக் கத்தியால் அத்தனை அடுக்கையும் ஒரே ஓட்டத்தில் வெட்டுகிற வேலை. கை நடுங்கினால் ஒரு சட்டை கெடாது, ஓர் அடுக்கே கெடும். நாள் முழுக்க நின்றபடி செய்ய வேண்டும்.

அவள் கணவர், என் மச்சான், தேயிலைக் கம்பெனியில் சுவை பார்க்கிறவர். அந்த அறையைப் பார்த்திருக்கிறீர்களா? நீண்ட வெள்ளை மேசை. அதன் மேல் வரிசையாக வெள்ளைக் கோப்பைகள். மச்சான் ஒரு கரண்டியோடு நடந்து வருவார். கரண்டியில் எடுப்பார், 'சர்ர்ர்' என்று ஓர் உறிஞ்சல். வாய்க்குள் உருட்டுவார், தொட்டியில் துப்புவார், ஒரு சொல் சொல்வார். "தீய்ஞ்சிருக்கு." அடுத்த கோப்பை. "சோகை." அடுத்தது. "இது பேசுது." அந்த உறிஞ்சல் சத்தத்தால் தெருவில் அவருக்குப் பெயரே 'சர்ர்'. முகத்துக்கு நேராகச் சொல்வதில்லை, பின்னால் சொல்வார்கள்.

நாள் முழுவதும் நாக்கால் உழைக்கிறவர், வீட்டுக்கு வந்ததும் நாக்குக்கு விடுமுறை கொடுத்துவிடுவார். வாய் திறக்க மாட்டார். திறந்தால் சாப்பாட்டு நேரத்தில். ஒரு கவளம் வாயில் வைப்பார். "உப்பை லேட்டாப் போட்டிருக்க" என்பார். தாய்மார்களே, நீங்களே சொல்லுங்கள்! உப்பு கூட, உப்பு குறைவு என்று சொல்கிற புருஷனோடு குடித்தனம் நடத்தலாம். உப்பை எப்போது போட்டாய் என்று கண்டுபிடிக்கிற நாக்கோடு யாரால் நடத்த முடியும்? என் அக்கா நடத்தினாள். பேச்சுத் துணைக்கு வானொலியை வைத்துக்கொண்டு நடத்தினாள்.

அப்படி இருக்கையில் அவளுக்குக் கருப்பையில் கட்டி வந்தது. மாதாமாதம் போக வேண்டியதற்கு மேல் குருதி போயிற்று. தாய்மார்கள் முன்னால் இதைச் சொல்ல நான் கூச்சப்படவில்லை. கூச்சப்பட்டு மறைத்துத்தான் பல வீட்டில் பெண்கள் வெளுத்துப்போய் நடமாடுகிறார்கள். அறுவை செய்து எடுத்துவிடலாம் என்றார் பெண் மருத்துவர். ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார். "உடம்புல ரத்தம் இவ்வளவு கம்மியா இருக்கும்போது நான் கத்தி வைக்க மாட்டேன். முதல்ல ஏத்திக்கிட்டு வாங்க" என்றார். காலை ஒன்று, மாலை ஒன்று என்று இரும்புச் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

அந்த மாத்திரையை விழுங்கியவர்களுக்குத் தெரியும். துருப்பிடித்த ஆணியைச் சப்பிய மாதிரி இருக்கும். அக்காவுக்குக் குமட்டியது. "போட்டா அரை நாளைக்கு வாயெல்லாம் தகரம்" என்றாள். இரண்டு வேளை போட்டாள், மூன்றாவது வேளைக்கு மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

இங்கேதான் மச்சான் வருகிறார். சுவையில் கோளாறு என்று காதில் விழுந்தால் அவரால் சும்மா இருக்க முடியுமா? அக்கா கையிலிருந்த மாத்திரையை வாங்கித் தன் நாக்கில் வைத்தார்! உலகத்தில் எந்தப் புருஷன் செய்வான் இதை? வைத்தார், உருட்டினார், துப்பினார். "உலோகம். பின்னால கொஞ்சம் புளிப்பு. இதை அடக்கிடலாம்" என்றார். அடுத்த சில நாள் கம்பெனியிலிருந்து விதவிதமான இலை வீட்டுக்கு வந்தது. சமையல் மேடை முழுக்கக் கோப்பை. மாத்திரையை நக்குவார், ஒரு மடக்குத் தேநீர், துப்பல். மறுபடி மாத்திரை, மறுபடி தேநீர். கடைசியில் கண்டுபிடித்துவிட்டார். நன்றாக வறுத்த ஊலாங். அதை நெடுநேரம் ஊறவைத்து, கெட்டிச் சாயமாக இறக்கினால், மாத்திரையின் தகர ருசி இருந்த இடம் தெரியாமல் போகிறது.

அன்று முதல் விடிகாலையில் அக்காவுக்கு முன்னால் மச்சான் எழுந்தார். தண்ணீர் காய்ச்சினார். கோப்பையை ஒரு கையிலும் மாத்திரையை ஒரு கையிலும் எடுத்துக்கொண்டு அவள் கட்டிலுக்கே போனார். மாலையிலும் அப்படியே. அக்கா எனக்குப் போன் போட்டுச் சொன்னாள். "டேய், உன் மச்சான் இன்னிக்கு என்கிட்ட என்ன கேட்டார் தெரியுமா? 'எப்படி இருக்கு'ன்னு கேட்டார்டா."

"டீயையா, உன்னையா?"

"ரெண்டையும்னு வச்சுக்கோயேன். உனக்கு என்ன போச்சு?"

அந்தக் குரலில் இருந்த மகிழ்ச்சியை நான் அதற்கு முன் அவளிடம் கேட்டதில்லை. என்ன நடக்கிறது என்று எனக்குப் புரிந்தது. கோப்பை ஒன்றை முன்னிட்டு அந்த வீட்டில் பேச்சு தொடங்கியிருக்கிறது.

சரி, ரத்தம் ஏறியதா? ஏறவில்லை! பரிசோதனை செய்தார்கள், ஏறவில்லை. மருத்துவர் கேட்டார். "மாத்திரை ஒழுங்காப் போடுறீங்களா?" "போடுறேன் டாக்டர்." "ஒரு வேளை கூட விடாம?" "விடல டாக்டர். அவரே எடுத்துக் குடுக்கிறார்." அத்தனையும் உண்மை. கேட்ட கேள்விக்கெல்லாம் சரியான பதில். எதனோடு விழுங்குகிறாய் என்று அன்று அவர் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. அறுவை தள்ளிப்போடப்பட்டது.

ரத்தம் ஏறவில்லை என்று தெரிந்ததும் மச்சான் என்ன செய்தார் தெரியுமா? இலையைக் கூட்டினார்! இன்னும் கெட்டியாக, இன்னும் சிவப்பாக, இன்னும் அன்பாக! போதாக்குறைக்குச் சாப்பாடு முடிந்த கையோடும் ஒரு கோப்பை. "ஊலாங் ரத்தத்துக்கு நல்லதாம்" என்றார். எங்கே படித்தார்? இதோ இப்போது என் கையில் இருக்கிறதே, இதைப் போன்ற ஒரு துண்டுப் பிரசுரத்தில்.

மறுபடி பரிசோதனை. மறுபடி ஏறவில்லை. அந்த முறை மருத்துவர் குரல் மாறியிருந்தது. "இனியும் ஏறலைன்னா ஊசி வழியா ஏத்தணும். இல்லைன்னா ரத்தமே ஏத்தணும். அதுக்குள்ள ரத்தம் பெரிசாப் போச்சுன்னா உயிருக்கே ஆபத்து, புரியுதா?" என்றார். பக்கத்தில் மச்சான் நின்றார். அவர் முகம் அந்த மாத்திரையைச் சப்பியது மாதிரி இருந்தது என்று அக்கா பிறகு சொன்னாள்.

அந்த வாரமே தொழிற்கூடத்தில் அது நடந்தது. அடுக்கு விரித்து, கத்தியை ஓட்டிக்கொண்டிருக்கிறாள் அக்கா. கண் இருட்டியது. கத்தி ஓடிக்கொண்டே இருக்கிறது, கை எங்கே போகிறதென்று தெரியவில்லை. எதிர்ப்பக்கம் நின்ற கூட்டாளி பாய்ந்து மின்கம்பியைப் பிடுங்கினாள். துணியில் ஒரு கோணல் கோடு விழுந்ததோடு போயிற்று. விரலில் விழவில்லை. விழுந்திருந்தால்? அந்தக் கேள்வியை நான் இங்கே நீட்ட விரும்பவில்லை.

செய்தி கேட்டு அன்று மாலை நான் அவள் வீட்டுக்குப் போனேன். சமையலறை மேசையில் அக்கா உட்கார்ந்திருந்தாள். உதடு வெளுத்திருந்தது. மச்சான் வழக்கம்போல் கோப்பையையும் மாத்திரையையும் கொண்டுவந்து வைத்தார். அவள் எடுத்தாள். மாத்திரை விரலிலிருந்து நழுவிக் கோப்பைக்குள்ளேயே விழுந்துவிட்டது. "விடு, வேற போடுறேன்" என்று மச்சான் மறுபடி தண்ணீர் வைத்தார். நானும் அக்காவும் பேசிக்கொண்டிருந்தோம். தண்ணீர் கொதித்தது. பழைய கோப்பையைக் கழுவ எடுத்தார். நீங்களும் நானும் என்றால் அப்படியே கொட்டியிருப்போம். அவர் தொழில் வேறு அல்லவா? நிறம் பார்க்காமல் தேநீரைக் கொட்டுவது அவரால் ஆகாத காரியம். பார்த்தார். பார்த்தவர் அசையவில்லை.

செம்பு நிறத்தில் இருந்த தேநீர் கறுத்துப்போயிருந்தது. மை கரைத்த தண்ணீர் மாதிரி.

"என்ன மச்சான்?" என்றேன்.

"இது துருப் பட்ட நிறம்" என்றார். "எங்க ரூம்ல கெண்டி துருப்பிடிச்சா இப்படித்தான் கறுக்கும். கெண்டியைத் தூக்கிப் போடுன்னு கத்துவேன். தண்ணில கொஞ்சூண்டு இரும்பு இருந்தாப் போதும், டீ அதைப் பிடிச்சுக்கும்..."

அந்தச் சொல்லோடு நின்றுவிட்டார். கோப்பையைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். "அப்ப... இவ வயித்துலயும் பிடிச்சுக்கிட்டுத்தானே இருந்திருக்கும்?"

அவையோரே! தொழில் பழகிய நாளிலிருந்து அந்த மனிதர் இரும்பு வந்து தேநீரைக் கெடுத்துவிடக் கூடாதே என்று கவலைப்பட்டவர். தேநீர் போய் இரும்பைக் கெடுக்கும் என்று அவருக்கு ஒரு தரம்கூடத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை? அவர் காப்பாற்றப் பழகியது தேநீரை. இலையில் உள்ள துவர்ப்பு இரும்பைப் பற்றிக்கொள்கிறது. பற்றிய இரும்பை உடம்பால் எடுத்துக்கொள்ள முடிவதில்லை. எந்தத் துவர்ப்பு அந்தத் தகர ருசியை அடக்கியதோ அதே துவர்ப்பு மருந்தையும் அடக்கிவிட்டது. எவ்வளவுக்கு எவ்வளவு நன்றாகச் செய்தாரோ அவ்வளவுக்கு அவ்வளவு கெட்டது நடந்தது.

"செருப்பை மாட்டு, டாக்டரைக் கேட்டுட்டு வந்துடலாம்" என்று என்னை அவசரப்படுத்தினார் மச்சான்.

அப்போது அக்கா சொன்னாள். "டாக்டரை எல்லாம் கேக்க வேணாம். உக்காருங்க. எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"மாத்திரை குடுக்கும்போதே அங்க இருந்த நர்சு சொன்னாங்க. டீ, காபி கூடப் போடாதீங்கன்னு."

நான் என் வேலையைப் பார்த்தேன். அதாவது, சுவரைப் பார்த்தேன்.

"தெரிஞ்சேவா குடிச்ச?"

"ஊலாங் வேறன்னு நினைச்சேன். டீன்னாக் கறுப்பு டீயைத்தான் சொல்றாங்கன்னு..." என்று இழுத்தவள், தலையை ஆட்டிக்கொண்டாள். "இல்ல. அப்படி நினைச்சுக்க ஆசைப்பட்டேன்."

"ஏன்? ஒரு வார்த்தை என்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நிறுத்திடுவீங்க."

"நிறுத்தத்தானேடி வேணும்!"

"நிறுத்திட்டா மறுபடியும் பழையபடி பேசாம உக்காந்துக்குவீங்க."

தாய்மார்களே, உங்கள் வரிசையில் சிலர் தலை குனிகிறார்கள். குனிய வேண்டியது நீங்கள் அல்ல. பக்கத்தில் அழைத்து வந்திருக்கிறீர்களே, அவர்கள்.

மச்சான் கத்தினார். அந்த வீட்டில் அவர் குரல் உயர்ந்து அன்றுதான் கேட்டேன். "கத்தி கைல ஓடியிருந்தா? உயிர் போயிருந்தா? ஒரு கோப்பை டீக்காகவா? பைத்தியமா உனக்கு?" என்று கத்தியவர், கத்திய வேகத்திலேயே நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். அக்கா அழவில்லை. "டீக்காக இல்லீங்க" என்று மட்டும் சொன்னாள். நான் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். நான் அழுது அழவைக்கும் ஆள் அல்லன் என்று தொடக்கத்தில் சொன்னது மேடைக்காகச் சொன்னது.

மூக்கைச் சிந்திவிட்டு மச்சான் எழுந்தார். கறுத்த கோப்பையைத் தொட்டியில் கொட்டினார். ஒரு குவளைத் தண்ணீரும் புது மாத்திரையும் எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தார். "போடு." போட்டாள். முகம் கோணியது. "தகரம்" என்றாள். "தகரமாவே இருக்கட்டும்" என்றார். பிறகு மருத்துவர் அறைக்குப் போன் செய்து கேட்டார். மாத்திரைக்குத் தண்ணீர்தான், தேநீர் வேண்டுமென்றால் இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டு, என்று பதில் வந்தது. போனை வைத்தார். "கேட்டுக்கிட்டியா? ரெண்டு மணி நேரம் கழிச்சு டீ. லேசாத்தான் போடுவேன். அந்த ரெண்டு மணி நேரமும் நான் இங்கயேதான் உக்காந்திருப்பேன். நீ எந்திரிச்சுப் போய்க் குடிச்சிடாமப் பாத்துக்கணும்ல?"

காவலுக்குத்தான் உட்கார்ந்தார். முதல் மாலை இருவரும் மேசைத் துணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். எவ்வளவு நேரம் பார்ப்பது? மேசைத் துணியில் அப்படி என்னதான் இருக்கிறது? மறுநாள் அக்கா வேலையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். கட்டம் போட்ட துணி வந்தால், முன்பாதிக் கட்டமும் பின்பாதிக் கட்டமும் தையலில் போய் ஒன்று சேரும்படி விரிப்பது எவ்வளவு பெரிய பாடு என்று சொன்னாள். மச்சான் கேட்டுவிட்டு, "அப்ப நீ தைக்கிறதில்லையா?" என்றார். இத்தனை ஆண்டு குடித்தனத்தில், மனைவி துணி தைக்கிறாள் என்று நினைத்திருக்கிறார் மனிதர்! "தைக்கல, வெட்டுறேன்" என்றாள் அக்கா. அதைச் சொல்லிச் சொல்லி எனக்குப் போனில் சிரித்தாள். வானொலியை யாரும் போடுவதில்லை என்பதையும் போகிற போக்கில் சொன்னாள்.

ரத்தம் ஏறியது ஐயா! மெல்ல ஏறியது, ஆனால் ஏறியது. உதட்டில் நிறம் வந்தது. மருத்துவர் சம்மதித்தார். அறுவை நடந்தது. கட்டி போயிற்று. உடம்பு தேறி அக்கா மறுபடி வெட்டு மேசைக்கு நேராக நின்றாள்.

சங்கத்துப் பெரியவர்களே, இப்போது உங்களை ஒன்று கேட்கிறேன். உங்கள் பிரசுரத்தில் கொழுப்புக்கு இடம் இருக்கிறது, முடிக்கு இடம் இருக்கிறது. 'இரும்பு மாத்திரையோடு இதைக் குடிக்காதீர்கள்' என்ற ஒரு வரிக்கு இடம் இல்லையா? அந்த ஒரு வரியால் விற்பனை விழுந்துவிடுமா? விழட்டுமே! எழுந்து நிற்பது ஒரு பெண் என்றால், விழட்டுமே! நல்ல பொருள் தன் கெடுதலைச் சொல்ல அஞ்சுமா? மணம் உள்ள இலை மறைத்துப் பேசுமா? அச்சடியுங்கள்! தேயிலை உறையின் பின்பக்கம் பொடி எழுத்தில் அல்ல, முன்பக்கம், பெரிய எழுத்தில், கண்ணாடி போடாதவர்களும் படிக்கிற எழுத்தில் அச்சடியுங்கள்! வீட்டில் மாத்திரை விழுங்குகிற பெண் இருந்தால், 'போட்டாயா' என்று மட்டும் கேட்காதீர்கள். 'எதோடு போட்டாய், எப்படி இருக்கிறாய், வாய் கசக்கிறதா' என்று கேளுங்கள்! கேட்டுவிட்டு எழுந்து ஓடாதீர்கள், பதில் வருகிற வரைக்கும் உட்காருங்கள்!

தலைவர் தலையசைக்கிறார். அச்சடிப்பதற்கா, பேச்சை முடிப்பதற்கா என்று தெரியவில்லை. இரண்டுக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அறுவைக்குப் பிறகும் சில மாதம் மாத்திரை தொடர்ந்தது. பிறகு ஒரு நாள், இனி மாத்திரை வேண்டாம், தேநீரை விரும்பிய நேரத்தில் குடிக்கலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அன்று மாலை நான் அங்கே இருந்தேன். வேலையிலிருந்து வந்த மச்சான் கால் கூடக் கழுவவில்லை. நேரே அடுப்புக்குப் போய் ஊலாங்குக்குத் தண்ணீர் வைத்தார். நல்ல கோப்பைகளாகப் பார்த்து எடுத்து வைத்தார். "இனிமே காத்துக் கிடக்க வேண்டியதில்ல. நினைச்ச நேரம் குடிக்கலாம்" என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

அக்கா எழுந்து போய் அடுப்பை அணைத்தாள்.

"என்ன?" என்றார் மச்சான்.

"ரெண்டு மணி நேரம் ஆகட்டும்" என்றாள்.

"மாத்திரைதான் நின்னு போச்சே?"

"மாத்திரை நின்னா என்ன? உக்காருங்க."

மச்சான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரில் உட்கார்ந்தார். நான் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். யாரும் என்னை இரு என்று சொல்லவில்லை.

பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், சிரித்த இடத்தில் சிரித்து, அமைதி காத்த இடத்தில் அமைதி காத்த தாய்மார்களுக்கும், கேட்ட தலைப்புக்குக் கேளாத கதையைச் சொல்ல விட்ட தலைவருக்கும் செயலாளருக்கும் கைகூப்பி நன்றி சொல்லி விடைபெறுகிறேன். வணக்கம்.